விமானத்தில் கேட்ட கேள்வி

லிங்கனின் கட்சி: வரலாற்றுத் தொடர் – 17

1976 ஆகஸ்ட். மிசௌரி மாநிலத்துக் கான்சாஸ் சிட்டியில் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு முடிந்து பிரதிநிதிகள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான்கு நாள் மாநாடு. நான்கு நாளும் உட்கட்சிப் போர். பதவியில் இருந்த அதிபர் ஜெரால்டு ஃபோர்டையே வீழ்த்தப் பார்த்தார் கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் ரொனால்டு ரீகன். 1,187-க்கு 1,070 என்ற கணக்கில் ஃபோர்டு தப்பினார்.

அந்த மாநாட்டிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பறந்த பயணிகள் விமானம் ஒன்றில் மூன்று பேர் பேசிக்கொண்டு போனார்கள். ஒருவர் ஏர்ல் பட்ஸ், அமெரிக்காவின் வேளாண் துறை அமைச்சர். இன்னொருவர் பாட் பூன், 1950-களில் எல்விஸ் பிரெஸ்லிக்கு அடுத்தபடியாக இளைஞர்களைக் கட்டிப்போட்ட பாடகர், ரீகனின் ஆதரவாளர். மூன்றாமவர் ஜான் டீன். வாட்டர்கேட் விவகாரத்தில் அன்றைய அதிபர் நிக்சனுக்கு எதிராகச் சாட்சி சொல்லி, தானும் சிறை சென்று மீண்ட அதே டீன்தான். மாநாட்டைப் பற்றி எழுதித் தரும்படி ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் அவரை அனுப்பியிருந்தது.

பட்ஸ் முதலில் மிருகங்களை வைத்து ஓர் ஆபாச ஜோக் சொன்னார். பிறகு பேச்சு அரசியலுக்குத் திரும்பியது. அப்போதுதான் பூன் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆபிரகாம் லிங்கனின் கட்சி அல்லவா இது? கறுப்பின மக்களை நம் கட்சியால் ஏன் இன்னும் அதிகமாக ஈர்க்க முடியவில்லை?

கேட்டவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஃபேட்ஸ் டாமினோ, லிட்டில் ரிச்சர்ட் போன்ற கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களைத் தன் குரலில் பாடி, அசல் பாடல்கள் எட்டாத வெள்ளையர் வீடுகளுக்குள் கொண்டுபோய்ப் புகழ்பெற்றவர் பூன். அவர் அரசியல் எனக்கு உடன்பாடல்ல. ஆனாலும் அவர் கேட்டது சரியான கேள்வி. 20-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அந்தக் கட்சிக்காரர் ஒருவர் தன் தலைவர்களிடம் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளில் இதைவிட முக்கியமானது வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

பட்ஸ் சொன்ன பதிலை நான் இங்கே அப்படியே எழுதப் போவதில்லை. எழுதாமல் தாண்டிப் போகவும் முடியாது, ஏனென்றால் அதன் அமைப்பில்தான் விஷயம் இருக்கிறது. கறுப்பின மக்களுக்கு வாழ்க்கையில் வேண்டியது மூன்றே மூன்றுதான் என்றார் அமைச்சர். ஒன்று உடலுறவு. இரண்டு, காலைக் கடிக்காத செருப்பு. மூன்று, கதகதப்பான கழிப்பறை. இந்த மூன்றையும் அவர் சொன்ன சொற்கள் கொச்சையானவை.

இதை வெறும் ஆபாசப் பேச்சு என்று ஒதுக்கினால் அதற்குள் இருக்கும் அரசியல் கண்ணில் படாது. ‘இந்த மக்கள் ஏன் நம்மிடம் வருவதில்லை’ என்பது கேள்வி. ‘இவர்களுக்கு அரசியலிடம் கேட்க எதுவுமே இல்லை’ என்பது பதில். வேலை வேண்டாம், பள்ளி வேண்டாம், நிலம் வேண்டாம், நீதி வேண்டாம். உடம்பின் மூன்று தேவைகள் தீர்ந்தால் போதும். அப்படிப்பட்ட மக்களுக்காக ஒரு கட்சி என்ன கொள்கை வகுக்க முடியும்? எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. சிரிக்க வைத்துக்கொண்டே ஒரு கட்சியின் பொறுப்பைத் தட்டிக்கழித்த பேச்சு அது.

உண்மையில் அந்த மக்கள் என்ன கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது 1976-இல் ஒரு வேளாண் அமைச்சருக்குத் தெரியாத ரகசியமல்ல. கறுப்பினத்தவரிடையே வேலையின்மை வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. எல்லோருக்கும் வேலை என்பதை அரசின் கடமையாக்க, ஹம்ஃப்ரி–ஹாக்கின்ஸ் மசோதா நாடாளுமன்றத்தின் முன் நின்றது. அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான அகஸ்டஸ் ஹாக்கின்ஸ் லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து தேர்வான கறுப்பின உறுப்பினர். பாஸ்டனில் கறுப்பினப் பள்ளிக் குழந்தைகள் சென்ற பேருந்துகள் மீது கல் விழுந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. வாக்குரிமைச் சட்டத்தை நீட்டிக்கும் மசோதாவில் 1975 ஆகஸ்டில் கையெழுத்திட்டவரே ஃபோர்டுதான். கேள்விக்கு விடை அமைச்சரவைக் கூட்டத்தின் கோப்புகளிலேயே கிடந்தது.

இனி பட்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபோர்டு ஏன் அவரை உடனே அனுப்பத் தயங்கினார் என்பது அப்போதுதான் புரியும்.

இண்டியானா மாநிலத்தின் ஆல்பியன் என்ற சிற்றூரில் 1909-இல் பிறந்தவர் பட்ஸ். பர்டியூ பல்கலைக்கழகத்தில் வேளாண் புலத் தலைவராக இருந்தார். பெரிய உணவு நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் உட்கார்ந்திருந்தவர் என்பதால், 1971 டிசம்பரில் நிக்சன் அவரை அமைச்சராக நியமித்தபோது சிறு விவசாயிகளின் அமைப்புகள் எதிர்த்தன. செனட் 51-க்கு 44 என்ற வாக்கில்தான் அவரை ஏற்றது. அடுத்த ஆண்டே சோவியத் நாட்டுக்குப் பெருமளவில் தானியம் விற்கப்பட்டது. கோதுமை விலை ஏறியது. நிலத்தைத் தரிசாகப் போட அரசு பணம் கொடுத்த காலம் போய், வரப்பிலிருந்து வரப்பு வரை விதையுங்கள் என்று பட்ஸ் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பெரிதாக வளர், இல்லையேல் வெளியேறு என்ற வாசகம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நடுமேற்கு மாநிலங்களில் பெருநிலம் வைத்திருந்தவர்களுக்கு அவர் கண்கண்ட தெய்வம். மேடையில் மணிக்கணக்கில் சிரிக்க வைப்பார். கட்சிக்கு நிதி திரட்டும் விருந்துகளில் அவருக்கு இருந்த கிராக்கி மற்ற அமைச்சர்களுக்குப் பொறாமை தரக்கூடியது. கான்சாஸ் செனட்டர் பாப் டோலைத் துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துக்கொண்ட ஃபோர்டு, 1976 தேர்தலில் பெரிதும் நம்பியது விவசாய வாக்குகளை. அந்த வாக்குகளுக்கான முகம் பட்ஸ்.

அந்த நாக்கு முன்பே ஒருமுறை சுட்டிருந்தது. 1974 நவம்பரில் ரோம் நகரில் உலக உணவு மாநாடு நடந்தது. பஞ்சமும் மக்கள்தொகையும் பற்றிய பேச்சில், செயற்கைக் கருத்தடையைப் போப் ஆறாம் பால் எதிர்ப்பதைக் குறித்து, இத்தாலியர் ஆங்கிலம் பேசுவதுபோல உச்சரிப்பை வளைத்து பட்ஸ் ஒரு நக்கல் அடித்தார். ஆட்டம் ஆடாதவர் விதி வகுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் கொதித்தார்கள். ஃபோர்டு அவரை அழைத்து மன்னிப்புக் கேட்க வைத்தார். அதோடு விட்டார். ஒரு சமயத்தாரையும் ஒரு நாட்டாரின் நாக்கையும் சேர்த்து இழிவுபடுத்திய அமைச்சர் பதவியில் நீடித்தார். இரண்டு ஆண்டு கழித்து நடந்ததற்கான அனுமதி அங்கேயே கொடுக்கப்பட்டுவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

டீனின் கட்டுரை செப்டம்பர் இறுதியில் கடைகளுக்கு வந்தது. அமைச்சரின் பெயரை அவர் எழுதவில்லை. அமைச்சரவை உறுப்பினர் ஒருவர் என்று மட்டுமே இருந்தது. ‘நியூ டைம்ஸ்’ என்ற இன்னோர் இதழ், மாநாட்டுக்குப் பிறகு எந்த அமைச்சர் எந்த விமானத்தில் போனார் என்று பயணத் திட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து பட்ஸின் பெயரை வெளியிட்டது.

ஃபோர்டு பட்ஸை வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் கண்டித்தார். பட்ஸ் மன்னிப்புக் கேட்டார். அத்துடன் முடிந்துவிடும் என்று வெள்ளை மாளிகையில் சிலர் நம்பினார்கள். முடியவில்லை. செனட்டின் ஒரே கறுப்பின உறுப்பினரான மாசசூசெட்ஸின் எட்வர்டு புரூக், பட்ஸ் போக வேண்டும் என்றார். புரூக் குடியரசுக் கட்சிக்காரர். இதைக் கவனிக்க வேண்டும். அன்றைய செனட்டில் இருந்த ஒரே கறுப்பினத்தவரை அனுப்பிய பெருமை லிங்கனின் கட்சிக்குத்தான் இருந்தது. அந்த ஒருவரை வைத்துக்கொண்டுதான் அமைச்சர் அப்படிப் பேசினார்.

புரூக் மட்டுமா? ஃபோர்டின் அமைச்சரவையில் போக்குவரத்துத் துறை அமைச்சராக இருந்தவர் வில்லியம் கோல்மன். உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் சட்ட உதவியாளராகப் பணிபுரிந்த முதல் கறுப்பினத்தவர். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த 1954-ஆம் ஆண்டின் பிரவுன் வழக்கில் வாதங்களை எழுதிய வழக்கறிஞர் அணியில் ஒருவர். அமெரிக்க வரலாற்றில் அமைச்சர் பதவி வகித்த இரண்டாவது கறுப்பினத்தவர். பட்ஸும் அவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள். வெள்ளை மாளிகையில் நகர்ப்புற விவகாரங்களைக் கவனித்தவர் ஆர்தர் ஃபிளெட்சர். அரசு ஒப்பந்த வேலைகளில் கறுப்பினத் தொழிலாளருக்கு இடம் வாங்கித் தந்த பிலடெல்ஃபியா திட்டத்தை நிக்சன் காலத்தில் முன்னின்று நடத்தியவர். கட்சிக்குள்ளேயே இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். வாக்காளர்களிடம் போய் நின்று, ‘இது உங்கள் கட்சியும்தான்’ என்று சொல்ல வேண்டியவர்களும் இவர்கள்தான். ஒரு ஜோக் வெளியே வந்ததும் அதற்கு வீடு வீடாகப் பதில் சொல்ல வேண்டிய பாரம் இவர்கள் தலையில் விழுந்தது. அதைச் சொன்னவர் தன் பதவியை இழந்தார். இவர்கள் இழந்தது தங்கள் சொல்லின் மதிப்பை. அந்த இழப்பை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

1976 அக்டோபர் 4, திங்கள்கிழமை பட்ஸ் பதவி விலகினார். அந்தப் பேச்சு தன் உண்மையான மனப்போக்கைக் காட்டுவதல்ல என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபோர்டு விலகலை ஏற்றுக்கொண்டபோது அவரை நல்ல மனிதர், பண்பாளர் என்று புகழ்ந்து, இது தன்னை மிகவும் வருத்திய முடிவுகளில் ஒன்று என்றார்.

ஃபோர்டின் மனத்தில் இன வெறுப்பு இருந்ததாக நான் நம்பவில்லை. 1934-இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் அவர் ஆடிய காலம். அணித் தோழர் வில்லிஸ் வார்டு கறுப்பினத்தவர் என்பதால் அவர் களத்தில் இறங்கினால் ஆட மாட்டோம் என்றது ஜார்ஜியா டெக் அணி. பல்கலைக்கழகம் வார்டை உட்கார வைத்தது. தானும் ஆடப்போவதில்லை என்ற எண்ணத்தில் இருந்தார் ஃபோர்டு. வார்டே வற்புறுத்திய பிறகுதான் இறங்கினார். கறுப்பின வரலாற்று மாதத்தை அங்கீகரித்த முதல் அதிபரும் அவரே. அது இதே 1976-ஆம் ஆண்டு பிப்ரவரியில். அப்படிப்பட்ட மனிதருக்கும், தன் அமைச்சரின் பேச்சால் காயப்பட்ட மக்களைவிடக் காயப்படுத்திய நண்பர்தான் முதலில் கண்ணில் பட்டார். ஒரு தலைவரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி ஒரு சமூகம் வாக்களிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

பத்திரிகைகள் இதில் பட்ட பாடு தனிக்கதை. அமைச்சர் பதவியையே பறித்த சொற்கள். ஆனால் அந்தச் சொற்களை அச்சிட யாருக்கும் துணிவில்லை. பெரும்பாலான நாளேடுகள் பூசி மெழுகி எழுதின. ஒஹாயோவின் ‘டொலீடோ பிளேடு’, விஸ்கான்சினின் ‘கேப்பிடல் டைம்ஸ்’ ஆகிய இரண்டும் முழுதாக அச்சிட்டன. டெக்சஸின் லபக் நகர நாளேடு, படிக்க விரும்புகிறவர்கள் அலுவலகத்துக்கு வரலாம் என்று அறிவித்தது. 200-க்கும் மேற்பட்டவர்கள் நேரில் வந்து படித்துப் போனார்கள். சான் டியேகோவின் மாலை நாளேடு கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பியது. 3,000-க்கும் மேற்பட்டவர்கள் கேட்டு எழுதினார்கள்.

குழந்தைகள் கையிலும் புரளும் தாளில் அந்தச் சொற்கள் வேண்டாம் என்று ஆசிரியர்கள் நினைத்ததில் நியாயம் உண்டு. ஆனால் அதன் விளைவு வேறாகிவிட்டது. ‘அச்சிட முடியாத ஆபாசம்’ என்று படித்த வாசகர், அமைச்சர் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். கெட்ட வார்த்தை பேசாதவர் யார்? பாவம், தனிப்பட்ட உரையாடலை ஒட்டுக் கேட்டு எழுதிவிட்டார்களே? இப்படி இரக்கம் பட்ஸ் பக்கம் திரும்ப வழி பிறந்தது. ஒரு மக்கள் கூட்டத்தையே மனிதத் தேவைகள் இல்லாதவர்களாகச் சித்திரித்தார் என்ற குற்றம் பின்னுக்குப் போயிற்று. கொச்சைச் சொற்களை நீக்கிவிட்டு அந்தப் பதிலை நல்ல மொழியில் சொல்லியிருந்தால் அவர் பதவி போயிருக்குமா? போயிருக்காது என்றே அஞ்சுகிறேன்.

தனிப்பட்ட உரையாடல்தானே என்ற வாதத்துக்கு வருவோம். தனியே பேசுகிற பேச்சில் ஒருவர் மனம் திறப்பது உண்மையானால், அப்படித் திறந்த மனத்துடன் அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஏழைகளுக்கு உணவு வில்லை வழங்கியது அமெரிக்க வேளாண் துறை. விவசாயிக்கு விதைப்புக் கடன் தந்ததும் அதே துறை. 1920-இல் அமெரிக்காவில் கறுப்பின விவசாயிகள் நடத்திய பண்ணைகள் 9 லட்சத்துக்கும் அதிகம். 1970-களில் அது ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததும் இயந்திரங்கள் வந்ததும் காரணங்கள்தான். ஆனால் வேளாண் துறையே ஒரு காரணம் என்று 1965-இலேயே அரசின் குடிமை உரிமைகள் ஆணையம் ஆய்ந்து எழுதியது. தெற்கு மாநிலங்களில் துறையின் மாவட்ட அளவிலான அலுவலகங்களும் குழுக்களும் வெள்ளையர் கையில் இருந்தன. யாருக்குக் கடன், எவ்வளவு கடன், எப்போது என்பதை முடிவு செய்தவர்கள் அவர்கள். விதைப்புப் பருவம் தாண்டிய பிறகு வரும் கடன், கடனே அல்ல. அடுத்த ஆண்டு நிலம் ஏலத்துக்குப் போகும்.

பெரிதாக வளர முடியாதவர் வெளியேறலாம் என்ற கொள்கை முதலில் வெளியேற்றியது இவர்களைத்தான். ஐம்பது, அறுபது ஏக்கர் வைத்துப் பருத்தியும் சோளமும் போட்டவர்களை. கடனில் காட்டிய பாகுபாட்டுக்காகக் கறுப்பின விவசாயிகள் தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கு 1999-இல் உடன்பாட்டில் முடிந்து, அரசு நூறு கோடி டாலர் அளவுக்கு இழப்பீடு தர வேண்டியதாயிற்று. அந்த வழக்கு எடுத்துக்கொண்ட காலம் 1981-க்குப் பிந்தையது. பட்ஸை நேரடியாக அதில் சேர்க்க முடியாது. ஆனால் துறையின் பழக்கம் ஒரே நாளில் வந்ததல்ல. கடனுக்கு மனுப்போட்டு நிற்கிறவரைப் பற்றித் துறையின் தலைமையே அப்படி நினைத்தால், கீழே மாவட்ட அலுவலகத்தில் அந்த மனு எந்தக் கட்டில் போய்ச் சேரும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பூனின் கேள்விக்கு இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளைப் படித்தவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். இருந்தாலும் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். அடிமை முறையை ஒழித்த கட்சி என்ற நன்றியில் 1932 வரை கறுப்பின வாக்காளர்களில் பெரும்பான்மையோர் குடியரசுக் கட்சியுடன் நின்றார்கள். பெருமந்தக் காலத்து நிவாரண வேலைகள் அவர்களில் பலரை 1936-இல் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் பக்கம் கொண்டுபோயின. அப்போதும் கதவு மூடவில்லை. 1956-இல் ஐசனோவருக்குப் பத்துக்கு நான்கு பேர் வாக்களித்தார்கள். 1960-இல் நிக்சனுக்குக்கூட மூன்றில் ஒருவர். 1964-இல் நடந்ததுதான் முறிவு. அந்த ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்துக்கு செனட்டில் இருந்த 33 குடியரசுக் கட்சியினரில் 27 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். எதிர்த்த ஆறு பேரில் ஒருவரான பேரி கோல்ட்வாட்டரைத்தான் சில வாரங்களில் கட்சி அதிபர் வேட்பாளராக்கியது. சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அந்த மாநாட்டுக்குப் போன பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன், ஹிட்லரின் ஜெர்மனியில் ஒரு யூதராக இருப்பது எப்படி இருந்திருக்கும் என்று அங்கே உணர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார். நவம்பரில் கோல்ட்வாட்டருக்குக் கிடைத்த கறுப்பின வாக்கு நூற்றுக்கு ஆறு. அதன் பிறகு தெற்கின் வெள்ளையர் வாக்கைக் குறிவைத்து நிக்சன் நடத்திய அரசியலைச் சென்ற வாரம் பார்த்தோம். இத்தனையும் அறிந்த ஒரு மூத்த அமைச்சர், ‘அவர்கள் ஏன் வரவில்லை’ என்ற கேள்விக்குச் செருப்பையும் கழிப்பறையையும் விடையாகச் சொன்னார்.

எதிர்முகாமிலும் அந்த ஆண்டு ஒரு சறுக்கல் நடந்தது. ஏப்ரல் மாதத்தில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த ஜிம்மி கார்ட்டர், குடியிருப்புப் பகுதிகளின் ‘இனத் தூய்மை’யைக் காப்பதில் தவறில்லை என்ற பொருளில் ஒரு பேட்டியில் பேசிவிட்டார். இனப் பிரிவினைக் காலத்தின் வாடை அடிக்கும் சொல். அவருடைய நெருங்கிய கறுப்பின ஆதரவாளரான ஆண்ட்ரூ யங், மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். கார்ட்டர் சில நாள்களில் மன்னிப்புக் கேட்டார். அட்லாண்டாவில் திரளான மக்கள் முன்னிலையில் மார்ட்டின் லூதர் கிங்கின் தந்தை அவர் பக்கம் நின்று, மன்னித்துவிட்டதாக அறிவித்தார். இதில் கார்ட்டரைப் புனிதராக்க நான் வரவில்லை. அவர் சொன்ன சொல் தவறானது. ஆனால் அவர் தவறியபோது கடிந்துகொள்ளவும், பிறகு கை கொடுக்கவும் அந்தச் சமூகத்தில் ஆட்கள் இருந்தார்கள். பல ஆண்டுகள் கறுப்பினத் தேவாலயங்களுக்குப் போய்ப் பழகியதில் சேர்ந்த உறவு அது. ஃபோர்டின் கட்சியிடம் புரூக்கும் கோல்மனும் இருந்தார்கள். அந்த உறவு இல்லை.

நவம்பர் 2-ஆம் நாள் தேர்தல். பட்ஸின் ஜோக்கால்தான் ஃபோர்டு தோற்றார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். நிக்சனுக்கு வழங்கிய மன்னிப்பு, வேலையின்மை, விலைவாசி, பட்ஸ் விலகிய இரண்டாம் நாள் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று ஃபோர்டு சொன்ன விபரீதம் எனக் காரணங்கள் பல. பட்ஸ் விலகியதால் அவரை நம்பிய விவசாயிகள் சிலர் மனம் விட்டிருக்கவும் கூடும். எது எவ்வளவு என்று பிரித்து அளக்க வழியில்லை.

ஆனால் எண்ணிக்கையைப் பார்க்கலாம். கார்ட்டருக்கு 297 தேர்வாளர் வாக்குகள், ஃபோர்டுக்கு 240. வெற்றிக்கு வேண்டியது 270. ஒஹாயோவில் கார்ட்டர் வென்றது 11,116 வாக்குகளில். மிசிசிப்பியில் 14,463 வாக்குகளில். ஒஹாயோவின் 25 தேர்வாளர் வாக்குகளும் மிசிசிப்பியின் 7-உம் ஃபோர்டு பக்கம் வந்திருந்தால் அவருக்கு 272; வெள்ளை மாளிகையில் அவரே தொடர்ந்திருப்பார். இரண்டு மாநிலங்களிலும் சேர்த்து இடைவெளி 26,000 வாக்குக்கும் குறைவு. கிளீவ்லாந்தின் கறுப்பினக் குடியிருப்புகளிலிருந்தே ஒஹாயோவின் அந்த இடைவெளியைப் போல் பல மடங்கு வாக்குகள் வந்திருக்கும்.

மிசிசிப்பியை இன்னும் சற்று நின்று பார்க்க வேண்டும். 1964-இல் அந்த மாநிலம் கோல்ட்வாட்டருக்கு நூற்றுக்கு 87 வாக்குகளை அள்ளிக் கொடுத்தது. காரணம், கறுப்பினத்தவரில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. இரண்டே ஆண்டில் அந்த விகிதம் அறுபதை நெருங்கியது. அதற்காக அடிபட்டவர்களும் வீடு எரிக்கப்பட்டவர்களும் உயிரை விட்டவர்களும் உண்டு. 1976-இல் மிசிசிப்பியின் வெள்ளையர்களில் பெரும்பான்மையோர் ஃபோர்டுக்குத்தான் வாக்களித்தார்கள். மாநிலத்தை கார்ட்டரிடம் கொடுத்தவர்கள் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வாக்குச்சாவடிப் படியேற முடியாதவர்கள். அரசியலிடம் கேட்க எதுவுமில்லாதவர்கள் என்று அமைச்சர் யாரைச் சொன்னாரோ, அவர்கள். நாடு முழுவதும் ஃபோர்டுக்குக் கிடைத்த கறுப்பின வாக்கு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

தோல்விக்குப் பிறகு கட்சித் தலைவரான பில் பிராக் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர். டென்னஸி மாநிலத்துக்காரர், 1976-இல் தன் செனட் இடத்தையே இழந்தவர். கறுப்பின வாக்காளர்களை அணுகுவதற்கென்று கறுப்பினத்தவர் நடத்திய ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தினார். 1978 ஜனவரியில் வாஷிங்டனில் கூடிய கட்சியின் தேசியக் குழுவில் பேச ஜெஸ்ஸி ஜாக்சனை அழைத்தார். ஜாக்சன் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்தில் வளர்ந்தவர், அந்தக் கட்சியின் கடுமையான விமர்சகர். அவர் வந்து அவர்களிடம் கையேந்தவில்லை. எங்கள் வாக்குக்காக நீங்கள் போட்டி போடுங்கள், இரண்டு கட்சிகள் போட்டி போட்டால்தான் எங்களுக்குப் பேரம் பேச வலிமை வரும், நாங்கள் இல்லாமல் நீங்களும் நாடு தழுவிய வெற்றி பெற முடியாது என்ற கருத்தில் பேசினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பூன் கேட்ட கேள்விக்கு ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு மனிதர் நேர்மையான பதில் சொன்னார். அதை அக்கறையோடு கேட்கவும் அன்று ஆள் இருந்தது.

1980 ஜூலையில் கட்சி தன் மாநாட்டை டெட்ராய்ட் நகரில் கூட்டியது. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் நகரம். கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் தலைவர் பெஞ்சமின் ஹூக்ஸுக்கும் மேடையில் பேச இடம் கிடைத்தது. பிராக்கின் உழைப்பு பலன் தரும்போல இருந்தது. மாநாடு முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 3-ஆம் நாள் வேட்பாளர் ரீகன் மிசிசிப்பியின் நெஷோபா மாவட்டத் திருவிழாவுக்குப் போனார். 1964-இல் வாக்காளர் பதிவுக்காக உழைத்த மூன்று இளைஞர்களைக் கொன்று மண் அணையில் புதைத்தார்களே, அதே மாவட்டம். அங்கே அவர் மாநில உரிமைகளைப் பற்றிப் பேசினார். இரண்டு நாள் கழித்து நியூயார்க்கில் கறுப்பின மக்களின் அமைப்பான அர்பன் லீகின் மாநாட்டில் போய் நின்று ஆதரவு கேட்டார். அந்த மூன்று நாள் பயணத்தையும், அதைச் சுற்றி நடந்த வாதங்களையும் அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)